எத்தனால் பெட்ரோலா, எத்தனால் இல்லாததா, ஆல்கிலேட்டா? தோட்ட மெஷினுக்கு எதை ஊற்றுவது

புல்வெட்டும் மெஷின், பிரஷ் கட்டர், செயின் சா எல்லாம் பெரும்பாலும் ஓடிக் கெடுவதில்லை, நின்று கெடுகின்றன. காரில் ஊற்றிய பெட்ரோல் சில வாரங்களில் எரிந்துவிடும். தோட்ட மெஷினில் அதே பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே எந்த பெட்ரோல் உசத்தி என்று பார்ப்பதற்கு முன், மெஷின் எவ்வளவு காலம் சும்மா நிற்கப்போகிறது என்று யோசியுங்கள். என் கணக்கு முழுவதும் அதை வைத்துத்தான்.

முதலில் 10 சதவீதம் எத்தனால் கலந்த பங்க் பெட்ரோல். விற்கும் நாடுகளில் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு; இந்தியப் பங்க்குகளில் இப்போது பெரும்பாலும் 20 சதவீதம் கலந்ததுதான் வருகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள். அதைத் தாண்டினால் வாரண்டி போய்விடும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு துளை இருக்கிறது, அது வழியாக ஈரக் காற்றும் உள்ளே போகிறது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீர் சேர்ந்தாலே போதும்: எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெஷினில் இது இன்னும் மோசம். கலந்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருப்பது ஆயில் இல்லாமல் உள்ளே போனால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

எத்தனாலோடு ஆக்ஸிஜனும் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கார் என்ஜினில் சென்சார் பார்த்துக்கொள்ளும். சாதாரண கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் துளை மாறாது, அதனால் கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாமல், என்ஜின் கூடுதலாகச் சூடாகும். பழைய மெஷினில் பெட்ரோல் குழாய் இறுகி வெடிப்பதும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய தகடான டயாபிரம் விறைப்பதும் நடக்கும்.

வாங்கிய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். அடியில் உள்ள கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19 பக்கம் ஏறினால் ஏறத்தாழ 10 சதவீதம். நெருப்பு பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது எத்தனால் இல்லாத பெட்ரோல். கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஈரத்தை இழுக்காது, ரப்பரைக் கெடுக்காது. ஆனால் இதுவும் பழசாகும்: லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் காற்றுபட்டுப் பிசினாகும். சில மாதம் தாங்கும், வருடக்கணக்கில் தாங்காது. அதிக ஆக்டேன் பெட்ரோலை இதற்கு மாற்றாக நினைத்து ஏமாறாதீர்கள். கையேட்டில் சொன்ன ஆக்டேனுக்கு மேல் ஊற்றினால் சக்தியும் கூடாது, ஆயுளும் கூடாது.

மூன்றாவது, கேனில் வரும் ஆல்கிலேட், அதாவது தனியாகத் தயாரித்த தூய்மையான பெட்ரோல். 1980-களின் கடைசியில் ஸ்வீடனில் செயின் சா பிடிப்பவர்களின் உடல்நலத்தை மனதில் வைத்து விற்பனைக்கு வந்தது. பென்சீன் போன்ற, உடலுக்குக் கெடுதலான அரோமேட்டிக் சேர்மங்கள் இதில் ஏறக்குறைய இல்லை, எத்தனாலும் இல்லை. முகத்துக்கு அருகே புகை விடும் மெஷினை நாள் முழுக்கப் பிடிப்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். கேனைத் திறந்த பிறகும் இரண்டு வருடம் கெடாமல் இருக்கும். ஆனால் விலை பங்க் பெட்ரோலைப்போல் பல மடங்கு. பல வருடம் பங்க் பெட்ரோல் குடித்துப் பழகிய மெஷினில் திடீரென்று மாற்றினால், ஊதியிருந்த ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியக்கூடும். மாற்றியபின் கொஞ்ச நாள் கசிவைக் கவனியுங்கள்.

என் தேர்வு இதுதான். வாரா வாரம் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கு 10 சதவீத எத்தனால் பெட்ரோலே போதும், ஒரு மாதத்தில் தீர்கிற அளவு மட்டும் வாங்குங்கள். எப்போதாவது எடுக்கும் செயின் சாவுக்கு ஆயில் கலந்தே வரும் ஆல்கிலேட். இடைப்பட்டதற்கெல்லாம் எத்தனால் இல்லாதது.

டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25, 25-க்கு 1 என்றால் 40. கண்ணளவு உதவாது. படகு என்ஜினுக்கான ஆயில் தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கானது. காற்றால் குளிரும் இந்த மெஷினுக்கு ஜாசோ எஃப்டி (JASO FD என்ற ஜப்பானியத் தரக்குறி) தரம் போட்ட ஆயில் வாங்குங்கள்.

நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி செய்வதா, பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுவதா? ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோலில்தான் வேலை செய்யும், பழசை மீட்காது. ஊற்றியபின் சில நிமிடம் ஓடவிட்டால்தான் கார்புரேட்டருக்குள் போகும். எத்தனால் பெட்ரோலாக இருந்தால் நான் காலி செய்வதையே விரும்புகிறேன். டேங்கை வடித்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்துவிட வேண்டும். ஓடி நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தேங்கியிருக்கும். காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைப்பது அதுதான். டயாபிரம் கார்புரேட்டர் உள்ள கைமெஷினை உலர விடாமல், கடைசியாக ஆல்கிலேட்டில் சற்று ஓட்டி, அதோடேயே வைத்துவிடலாம்.

மறுபடி எடுக்கும்போது என்ஜின் சத்தம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கினால், சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். உடனே சீராக ஓடினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஜெட் அடைத்திருக்கும். அந்தத் துளையைக் கம்பியால் குத்தாதீர்கள், பித்தளை தேய்ந்து அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.