ஒரு வரிக்கான இணைப்பு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பழந்தமிழ் வாசிப்புக் குழு ஒன்றை நடத்தும் நண்பர், வலைப்பக்கத்தில் ஒரு வரியைச் சுட்டிக் குழுவினருக்கு அனுப்ப நான் எதைப் பயன்படுத்துகிறேன் என்று சென்ற வாரம் கேட்டார். உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகள், அதாவது பக்கங்களைச் சேமிப்பவை, கோடிடுபவை எல்லாம் அவருக்குப் பழக்கமானவையே. அவற்றுள் எது நிலைக்கும் என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலை நியாயமானது. எந்தப் பக்கத்தின் ஓரத்திலும் குறிப்பெழுத வழிசெய்த கூகுள் சைட்விக்கி 2009இல் வந்து 2011இல் நிறுத்தப்பட்டது. 2007இல் தொடங்கி, 2017இல் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவிடம் சென்ற, பக்கங்களைப் பின்னர் படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் சேவை, 2025 ஜூலை 8ஆம் நாள் மூடப்பட்டது.

நான் அன்றாடம் கையாள்வது உலாவிக்குள்ளேயே இருக்கும் ஒரு வசதி. பக்கத்தில் சில சொற்களைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால், அந்தச் சொற்களுக்கே நேராகச் செல்லும் இணைப்பை நகலெடுக்கலாம். அதைத் திறப்பவருக்குப் பக்கம் தானாக அந்த இடத்துக்கு நகர்ந்து, அச்சொற்கள் வண்ணமிடப்பட்டுத் தெரியும். இத்தகைய இணைப்புகளைக் குரோம் 2020 முதலும், சஃபாரி 2022 முதலும், ஃபயர்பாக்ஸ் 2024 அக்டோபர் முதலும் புரிந்துகொள்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. குறிப்பைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு ஒருநாள் கடையைச் சாத்தும் நிறுவனமும் இடையில் இல்லை. தேர்ந்தெடுத்த சொற்கள் முகவரியின் கடைசியில் ஹேஷ் (#) குறிக்குப் பின் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஹேஷுக்குப் பின் வரும் பகுதியை உலாவி, தளத்தை நடத்தும் கணினியான வழங்கிக்கு அனுப்புவதில்லை என்பதால், நாம் எந்த வரியைச் சுட்டினோம் என்பது அந்தக் கோரிக்கையோடு தளத்துக்குப் போய்ச்சேர்வதும் இல்லை.

இதன் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது மதுரைத் திட்டத்தின் பக்கங்களில்தான். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த அந்த மின்தொகுப்பில், பல நூல்கள் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நெடும்பக்கமாக உள்ளன. நூற்றுக்கணக்கான பாடல்கள் வரிசையாகச் செல்லும் அப்படியொரு பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்பி, நடுவில் எங்கோ இருக்கும் ஒரு பாடலைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், கைப்பேசியில் படிப்பவர் பாதியிலேயே சலித்துவிடுவார். இந்த இணைப்பை அனுப்பினால், அவர் திறந்தவுடன் நான் சுட்டும் வரி அவர் கண்முன் நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாடல்களும் கூடவே இருக்கின்றன. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்பும்போது அறுந்துபோகும் அந்தச் சூழல் இங்கே அப்படியே கிடைக்கிறது என்பதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. பக்கத்தை நடத்துபவர் அந்த வரியைத் திருத்திவிட்டால், இணைப்பு எந்த எச்சரிக்கையும் தராமல் பக்கத்தின் தலைப்பகுதியில் போய் நின்றுவிடும். இந்த ஒன்றில் பக்கங்களில் கோடிட்டுக் குறிப்பெழுத உதவும் ஹைப்பாதெசிஸ் என்னும் திறமூலக் கருவி நேர்மையானது. கோடிட்ட சொற்களோடு அவற்றின் முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகளையும் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. இடம் கிடைக்காமல் போன குறிப்புகளைத் தனியே ஒதுக்கிக் காட்டுகிறது. குழுவாகச் சேர்ந்து பக்க ஓரத்தில் விவாதிக்க விரும்புவோருக்கு அதுவே பொருத்தம். பக்கமே மறைந்துவிடும் என்ற அச்சம் இருக்கும் இடங்களில், படங்களையும் வடிவமைப்பையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும் சிங்கிள்ஃபைல் நீட்சியால் ஒரு படியைக் கணினியில் வைத்துக்கொள்கிறேன். சேமிக்கும் முன் அதிலேயே வண்ணமிடவும் குறிப்பு ஒட்டவும் முடிகிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு முறையீடும் இல்லை.

என்னை விடாமல் எரிச்சலூட்டுவது வேறொன்று. இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே நேரடியாக நிற்கலாம். மற்ற எல்லாவற்றையும் விழுக்காட்டுக் (%) குறியில் தொடங்கும் குறியீடாக மாற்ற வேண்டும் என்பது பழைய விதி. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் எடுக்கும்; ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும், எழுத்தோ எண்ணோ ஆன இரு குறிகளுமாக விரியும். ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் துணைக்குறியும் புள்ளியும் சேர்த்து 5 குறியீடுகள் இருப்பதால், அந்த ஒரு சொல்லே 45 இடங்களுக்கு நீள்கிறது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு 5 இடங்கள் போதும். ஒரு செய்யுள் வரியைச் சுட்டினால், வாட்ஸ்அப் திரையில் பாதியை நிறைக்கும் அளவுக்கு விழுக்காட்டுக் குறிகளின் கூட்டம் வந்து இறங்குகிறது.

நீளம் மட்டும் சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், அறியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று காவல்துறையும் வங்கிகளும் ஓயாமல் எச்சரிக்கும் காலம் இது. குழுவில் உள்ள மூத்தவர்கள் அந்த எச்சரிக்கையைச் சரியாகவே மனத்தில் வாங்கியிருக்கிறார்கள். புரியாத குறிகள் நிறைந்த நெடிய இணைப்பைக் கண்டால் அது மோசடி என்றே நினைத்து ஒதுக்குகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சுருக்கிக் கொடுக்கும் சேவைகளை நாடினால், இணைப்பு எங்கே செல்கிறது என்பதே மறைந்துவிடுகிறது. மேலும் மூடப்படக்கூடிய ஒரு சேவையை நாமே மீண்டும் நடுவில் கொண்டுவந்தவர்கள் ஆகிறோம். முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் இட்டு, இடையே ஒரு காற்புள்ளி வைத்துக் கையால் இணைப்பை அமைக்கவும் வழியுண்டு. அது நீளத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. எனினும், ஒரே சொல்லும் தொடரும் திரும்பத் திரும்ப ஆளப்படும் பழம்பாடல்களில், நாம் நினைத்த பாடலுக்கு முன்பே அந்தச் சொல் வந்திருந்தால் வேறோர் இடத்தில் போய் வண்ணமிடுகிறது. அதைத் தவிர்க்கச் சொற்களைக் கூட்டினால் மீண்டும் பழைய நீளமே வந்துவிடுகிறது.

இத்தனை பாராட்டையும் எழுதிய பிறகு, நண்பருக்கு நான் சொன்ன பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அவருடைய குழுவுக்கு, பக்கத்தின் வெறும் முகவரியும், பாடல் எண்ணும், அந்த வரியைத் தட்டெழுதிய ஒரு செய்தியும் போதும். படிப்பவர் பக்கத்திலேயே தேடுபெட்டியில் வரியை இட்டுக் கண்டுகொள்ளட்டும். நான் என் சொந்தக் குறிப்பேட்டில் இந்த இணைப்புகளைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் இதற்கு இணையான வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால், தமிழ் வரி ஒன்றை அனுப்பும்போது தமிழெழுத்தாகவே சென்று சேரும்வரை, பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.