சாலையில் நின்ற வண்டிக்கு உதவ வருபவருக்கு டிப்ஸ்: கொடுப்பதா, தவிர்ப்பதா?

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில், வேலூர் சி.எம்.சி.யில் அம்மாவின் பரிசோதனையை முடித்துக்கொண்டு வாணியம்பாடிக்குத் திரும்பும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி மாதனூருக்கு முன்பாக எங்கள் காரின் பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஆனால் டயர் கடையில் இயந்திரத்தால் முடுக்கியிருந்த நட்டு என் கைக்கு அசையவில்லை. காப்பீட்டுடன் வாங்கியிருந்த சாலையோர உதவிச் சேவையை அழைத்தேன். ஆம்பூரிலிருந்து ஓர் இளைஞர் இருசக்கர வாகனத்தில் வந்து, நீண்ட ஸ்பேனரைப் போட்டுக் காலால் மிதித்து நட்டுகளைக் கழற்றி, இருபது நிமிடங்களில் சக்கரத்தை மாற்றிவிட்டு ஓடிபி மட்டும் கேட்டார். நான் இருநூறு ரூபாயை நீட்டினேன். "வேணாம் சார், வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அம்மா பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டியபோது, அவற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பணம் கொடுப்பது, எதுவும் கொடுக்காமல் நன்றி மட்டும் சொல்வது, பொருளாகக் கொடுப்பது, நிறுவனத்திடம் நல்ல வார்த்தை சொல்வது ஆகிய நான்கு வழிகள் நம்முன் உள்ளன. எது சரி என்பது, உதவிக்கு வருபவர் யாருடைய கூலிக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தே அமையும் என்று நினைக்கிறேன்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் வரும் ரோந்து வண்டியையும் கிரேனையும் முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தச் சேவை நாம் கட்டும் சுங்கக் கட்டணத்தில் அடங்கியது. 108 ஆம்புலன்ஸ் அரசின் செலவில் இயங்குவது. இவ்விரண்டிலும் பணம் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலூரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும்கூட நோயாளிகளை அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு நம் மொழி தெரியாது, எந்தச் சேவை இலவசம், எதற்குக் கட்டணம் என்பதும் தெரியாது. உள்ளூர்க்காரர்களான நாம் மனம் குளிர்ந்து கொடுக்கும் நூறு ரூபாய், நாளடைவில் மாமூலாகி, நோயாளியை மடியில் கிடத்தியபடி பேச்சுத் துணையில்லாமல் சாலையோரம் நிற்பவரிடம் உரிமையாகக் கேட்கப்படும் தொகையாக மாறிவிடும். அங்கே கொடுக்காமல் இருப்பதே பிறருக்குச் செய்யும் உதவி.

பஞ்சர் கடைக்காரர் கதை வேறு. அவர் முதலாளியும் தொழிலாளியுமாக ஒருவரே. கூலியை அவரே சொல்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து டியூப்லெஸ் டயருக்கு ஒட்டுப் போட்டுத் தருபவர் பகல் கூலியைவிட ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னால், பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் டிப்ஸ் தேவையில்லை.

சிக்கல் முழுவதும் காப்பீட்டு நிறுவனமோ கார் நிறுவனமோ அனுப்பும் ஆளிடம்தான் இருக்கிறது. அவர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்லர். உள்ளூர் மெக்கானிக்காகவோ, பழுதான காரை இழுத்துச் செல்லும் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவராகவோ இருந்து, அழைப்புக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுபவர். மாதனூரில் நின்றாலும், குடியாத்தம் சாலையின் உட்புறத்தில் நின்றாலும், நாம் நிற்கும் இடத்தைத் தேடி அலையும் நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடமிருப்பது அரிது. 'நிறுவனம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதை வாடிக்கையாளர் ஏன் ஈடுகட்ட வேண்டும்?' என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் நான் இருநூறு ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவதால் எந்த நிறுவனமும் கூலியை உயர்த்திவிடப் போவதில்லை.

ஓட்டலில் பரிமாறுபவருக்குக் கொடுக்கும் டிப்ஸில் அடுத்த முறை நல்ல கவனிப்புக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு கொஞ்சமாவது கலந்திருக்கிறது. தபால்காரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் நாம் கொடுக்கும் தீபாவளி இனாமும் ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய முகத்துக்கானது. சாலையில் உதவியவரை நாம் மீண்டும் பார்க்கப்போவதே இல்லை, வேலையும் முடிந்துவிட்டது. அந்தப் பணத்தால் நமக்கு இனி எந்தப் பயனும் இல்லை என்பதாலேயே, டிப்ஸ் கொடுக்கத் தகுந்த இடங்களில் இதை நான் முதலில் வைக்கிறேன்.

'இது இலவசச் சேவை, பணம் தர வேண்டாம்' என்று நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தி, வற்புறுத்திப் பணம் கேட்பதைத் தடுப்பதற்கானது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் பணம் வாங்கினால் அதன் பின்விளைவைச் சுமப்பவர் நாமல்லர், உதவிக்கு வந்தவர்தான். ஆகவே வேலை முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை நீட்டலாம். மறுத்தால் சட்டைப்பையில் திணிக்கக் கூடாது. பகலில் சிறு வேலைக்கு நூறு ரூபாய், இரவிலோ மழையிலோ இருநூறு ரூபாய் என்பது என் அளவு. ரெக்கவரி வண்டியில் ஓட்டுநரும் உதவியாளரும் வந்தால், சங்கிலி மாட்டச் சேற்றில் படுத்தவர் பெரும்பாலும் உதவியாளர்தான். இருவருக்கும் தனித்தனியே கையில் கொடுப்பது நல்லது.

ஒன்றை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலவசமாக இழுத்துச் செல்லும் தூரத்துக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய கிலோமீட்டருக்குக் கேட்கப்படும் தொகை கட்டணமே அன்றி டிப்ஸ் அன்று. அதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

பணமா, பொருளா என்று பார்த்தால், வேலூர் வெயிலில் குளிர்ந்த தண்ணீரைப் பணத்தை நீட்டுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அது பணத்துக்கு மாற்று ஆகாது. அதைவிடவும் மதிப்புள்ள ஒன்று உண்டு. வண்டி இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும்போது வலப்பக்கச் சக்கரத்தை மாற்றுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் லாரிகள் பறக்கின்றன. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு வெகு தொலைவில் பின்னால் வைத்து, இரவானால் சாலைத் தடுப்புக்கு அப்பால் நின்று டார்ச் அடித்துக் காட்டுவது, நாம் காருக்குள் ஏசியில் உட்கார்ந்திருந்துவிட்டு நீட்டும் எந்த நோட்டையும்விட மேலானது.

நல்ல வார்த்தை சொல்வதை நான் குறைத்து மதித்திருந்தேன். அந்த இளைஞர் கிளம்பும்போது, "கால் வரும் சார், மார்க் மட்டும் நல்லா போட்டுடுங்க" என்றார். மறுநாள் வந்த அழைப்பில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னார்கள், ஐந்தை அழுத்தினேன். உதவியவரின் பெயரைச் சொல்ல அதில் வழியில்லாததால், வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதி, அழைப்பு எண்ணையும் அவர் வந்த நேரத்தையும் குறிப்பிட்டேன்.