லால்பாகில் ட்ரீ வாக்: 600 ரூபாய்க்குத் தகுமா?

பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் மரங்களைச் சுற்றிக் காட்டி விளக்கும் நடைக்கு 600 ரூபாய் என்றதும், மரம் பார்க்கக் காசா என்றுதான் அம்மா முதலில் கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர், கேட்கத்தான் செய்வார்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை 7 மணிக்கு லால்பாக் மேற்கு வாசலுக்கு வரச் சொன்னார்கள், அல்சூரிலிருந்து காபிகூடக் குடிக்காமல் ஓடினோம், ஆரம்பித்ததோ 7.40க்கு. 15 பேர்தான் என்று சொல்லிவிட்டு 28 பேரைச் சேர்த்திருந்தார்கள். மைக் கிடையாது. பின்னால் நின்றால் வாக்கிங் போகிறவர்களின் போன் பாட்டுதான் கேட்கும். பேச்சு முழுக்க ஆங்கிலம், நடுநடுவே கன்னடம். அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

ஆனால் கூட்டிப்போன பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது. ஹைதர் அலி 1760இல் போட்ட தோட்டம், கண்ணாடி மாளிகை 1889 என்பதையெல்லாம் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு மரத்துக்கு வந்துவிட்டார். 1908 முதல் லால்பாகைப் பார்த்துக்கொண்ட கிரும்பிகல் என்ற ஜெர்மன்காரர், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கிற மாதிரி யோசித்து ஊருக்குள் மரம் நட வைத்தாராம். வருஷம் முழுக்க ஏதோ ஒரு தெருவில் பூ கொட்டிக் கிடப்பது தானாக நடக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெரிய இலவ மரத்தடிக்கு வந்தோம். வேர் தரைக்கு மேலே சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது, அந்த மடிப்புக்குள் ஒரு சின்னப் பையன் ஒளிந்தால் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண் அறிவியல் பெயரில் 'சீபா பெண்டாண்ட்ரா' என்றார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இலவம்டா இது, நம்ம வீட்டுத் தலகாணி பூரா இதுதானே" என்றார். அதோடு நிற்கவில்லை. காய் வெடிக்கும் முன்னே பறித்துவிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு காற்றோடு போய்விடும், பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்தது இதில்தான் என்று ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்த தமிழ் ஆட்கள் நான்கைந்து பேர் அம்மா பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளாமல் நின்று கேட்டார், அதற்கே அரை நட்சத்திரம் கூடத் தரலாம். நாகலிங்க மரத்தடியில் மட்டும் லேசாகச் சண்டை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்றதை அம்மா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, சிவன் கோவிலில் இருக்கிறதே என்கிறார்.

கடைசியில் இரும்பு மேம்பாலம் பற்றிப் பேச்சு வந்தது. ஊரின் வடக்கே ஹெப்பாள் வரை போடவிருந்த அந்தப் பாலத்துக்கு 812 மரங்கள் போகும் என்றதும் 2016 அக்டோபரில் ஜனங்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்கள், 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. நான் அப்போது இதே ஊரில்தான் இருந்தேன், போகவில்லை. சோம்பல் ஒரு பக்கம்; அதைவிட, அந்த 812இல் ஒரு மரத்தைக்கூட எனக்குத் தெரியாது. 50 மரத்துக்கு மேல் வெட்டுவதென்றால் பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று கர்நாடகச் சட்டத்தில் இருக்கிறது என்றார் அந்தப் பெண். சரி, எழுதிப் போட வேண்டுமானால் எந்த மரம் என்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கிற மரம் தூங்குமூஞ்சி என்பதே இந்த வாரம்தான் தெரிந்தது. சாயங்காலம் இலை மடங்குகிறதா என்று போய்ப் பார்த்தேன், மடங்கியது. அப்போதுதான் பி.ஜி. எனப்படும் தங்கும் விடுதிகளின் விளம்பரப் பலகைகளுக்கு அடித்த ஆணிகளும் கண்ணில் பட்டன, எண்ணினால் 11. இஸ்திரி அண்ணனிடம் குறடு இருந்தது. 7 வந்துவிட்டது, மிச்சம் துருப்பிடித்து உள்ளேயே நிற்கிறது.

5க்கு மூன்றரை. போனால் முன்வரிசையில் நில்லுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். தமிழில் ஒரு நாள் நடத்தினால் அம்மா மறுபடி வரத் தயார், ஆனால் இந்த முறை காசு அவர்கள்தான் தர வேண்டுமாம்.