ஈஎஸ்ஐ அரியர் சீக்கிரம் வாங்கித் தாரேன்னு சொல்லி யாராவது விரல் ரேகை கேட்டா வச்சிராதீங்க

மார்த்தாண்டம், குழித்துறை, கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ரப்பர் கம்பெனி, தும்பு (கயிறு நார்) கம்பெனின்னு வேலைக்குப் போறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க, போன் பாக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சும் காட்டுங்க. ஈஎஸ்ஐல (தொழிலாளர் காப்பீடு) வேலையில அடிபட்டதுக்கு உள்ள ஊனப் பணம் சாங்ஷன் ஆயாச்சு, அரியர் மட்டும் இன்னும் வரலன்னு காத்துக் கிடக்கவங்களா பாத்துப் பிடிச்சு ஏமாத்துத ஒரு ஆளு இங்கன சுத்துதான். எங்க அண்ணனுக்கு அக்கவுண்ட்ல இருந்து இருபதாயிரம் போச்சு. அதுக்கு முன்னாடி கையில வாங்குன ஐயாயிரம் தனி.

அண்ணன் ரப்பர் கம்பெனியில மிக்சிங் மில்லுல நிக்கவன். ரோலர்ல வலது கை மாட்டி மூணு விரல் போச்சு, பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரி, வீடுன்னு கிடந்த காலத்துக்கு டிடிபின்னு, அதாவது தற்காலிக ஊனப் பணம்னு, தினக் கூலியில 90 சதவீதம் வந்துக்கிட்டு இருந்துச்சு, புண்ணு ஆறி டாக்டர் ஃபிட்னு எழுதுனதும் அது நின்னுட்டு. அதுக்குப் பொறவு மெடிக்கல் போர்டு உக்காந்து எவ்வளவு ஊனம்னு சொல்லணும். ஒரு கையில மூணு விரல் போனா 30 சதவீதம்னு சட்டத்து அட்டவணையிலயே இருக்கு, போர்டும் அதத்தான் போட்டுச்சு. சராசரி தினக் கூலி 500 ரூவான்னு வச்சுக்கோங்க, அதுல 90 சதவீதம் 450, அதுல 30 சதவீதம் 135, இதுதான் ஒரு நாளைக்கு. மாசம் நாலாயிரத்துச் சொச்சம், ஆயுசு பூரா வரும், திரும்ப வேலைக்குப் போனாலும் நிக்காது. டிடிபி நின்னதுக்கு மறுநாள்ல இருந்தே கணக்கு, அதனால போர்டு லேட்டானா அந்த மாசங்களுக்கு உள்ளது மொத்தமா அரியரா விழும். அண்ணனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல உள்ளது நின்னுச்சு, ஐம்பதாயிரம் தாண்டும்.

போர்டு முடிவு வந்த பொறவும் பணம் உடனே வரல. ஈஎஸ்ஐ கார்டுல பேரு ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் வேற மாதிரி, அத சரி பண்ணச் சொன்னாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சன உண்டு, ஆதார்ல ஒண்ணு ரேஷன் கார்டுல ஒண்ணுன்னு இருக்கும். வேலையும் இல்ல, மைனிதான் அண்டி ஆபீஸ் போய் வீட்டப் பாக்கா, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டணும். இப்பிடி நெருக்கடியில நிக்கவங்கதான் அவனுக்கு வேணும்.

சாயாக்கடையில வச்சுத்தான் பிடிச்சிருக்கான். கையப் பாத்துட்டு "அண்ணே போர்டு முடிஞ்சுட்டா, எத்தன சதவீதம் போட்டாங்க, அரியர் வந்துட்டா"ன்னு ரொம்ப அக்கறையா கேட்டிருக்கான். யூனியன்ல இருக்கேன், உள்ள எல்லாரையும் தெரியும், ஃபைல நகர்த்த செக்‌ஷன்ல ஐயாயிரம் குடுக்கணும்னு சொல்லி மைனி சீட்டுப் பிடிச்ச காச வாங்கிட்டான். ஆதார் நகலும் பாஸ்புக் முதல் பக்கமும் வாங்கிட்டான். அடுத்த கட்டமா, அரியர் வரணும்னா உயிர்வாழ் சான்று ஆன்லைன்ல ஏத்தணும்னு சொல்லி பையில இருந்து ரேகை வைக்குத சின்ன மெஷின எடுத்து போன்ல மாட்டி பெருவிரல வைக்கச் சொல்லியிருக்கான். முதல்ல வச்சப்ப சர்வர் இல்ல அடுத்த வாரம் பாப்போம்னு போயிட்டான். அது சான்றும் இல்ல ஒண்ணும் இல்ல, பணம் விழுந்துட்டான்னு பேலன்ஸ் பாத்திருக்கான்! அடுத்து வந்தப்ப ரேகை சரியா பதியல, இன்னொருக்கா அமுக்கி வைங்கன்னு திரும்பத் திரும்ப வைக்க வச்சு பத்தாயிரம் பத்தாயிரமா எடுத்துட்டுப் போயிட்டான். மெஷின்ல அடிபட்டு மிச்சம் இருந்த அந்த ஒரு பெருவிரல வச்சே எங்க அண்ணன் காச எடுத்திருக்கான், இத நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்திரம் அடங்க மாட்டேங்குது.

பேங்க் மெசேஜ் பழைய நம்பருக்குப் போயிட்டு இருந்ததுனால அரியர் வந்ததே அண்ணனுக்குத் தெரியாது. பாஸ்புக் பதியப் போனப்பதான் அரியர் ஏறினதும், பின்னாலயே ஏஇபிஎஸ்னு போட்டு காசு இறங்கினதும் தெரிஞ்சுது.

ஏஇபிஎஸ்னா ஆதார் வச்சு பணம் எடுக்கது. ஆதார் நம்பர், எந்த பேங்க், விரல் ரேகை, இந்த மூணும் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம், ஓடிபி வராது. அதனால "ஓடிபி யார்ட்டயும் சொல்லல, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு இருக்காதீங்க. ஆதாரோட சொந்த ஆப்ல பயோமெட்ரிக் லாக்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டு வச்சா ரேகை வேல செய்யாது, நமக்குத் தேவப்படும்போது மட்டும் திறந்துக்கிடலாம். எங்க வீட்டுல இப்ப எல்லாருக்கும் போட்டாச்சு.

உயிர்வாழ் சான்று ஈஎஸ்ஐல கேக்கது உண்மதான், ஆனா அது மாசப் பணம் வாங்கிட்டு இருக்கவங்க அப்பப்ப குடுக்கது, அரியர வாங்குததுக்கு இல்ல. ஈஎஸ்ஐ பணம் நேரா நம்ம அக்கவுண்டுக்கு வரும், நடுவுல ஒருத்தருக்கும் கமிஷன் கிடையாது. உங்க பணத்த இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்க முடியாதுன்னு சட்டமே சொல்லுது, அதனால அரியர்ல இத்தன சதவீதம் தாரேன்னு பத்திரத்துல கையெழுத்து கேட்டாலும் போடாதீங்க. லேட்டானா ஈஎஸ்ஐயோட 1800112526க்கு அடிச்சு இன்சூரன்ஸ் நம்பர் சொல்லி எதுல நிக்குன்னு கேளுங்க, ஃப்ரீ நம்பர்தான். பேரு, இனிஷியல், பேங்க் நம்பர் சரியா இருக்கான்னு போர்டுக்குப் போறதுக்கு முன்னாலயே பாத்திருங்க.

காசு போயிட்டுன்னா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் அடிக்கமோ அவ்வளவு நல்லது. அன்னைக்கே பேங்க்லயும் எழுத்துல குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. பேங்க்ல இருந்து தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் 2017ல உத்தரவு போட்டுச்சு, அத விட்டா வாதாடுது கஷ்டம். அதனாலதான் பேங்க்ல இப்ப இருக்க போன் நம்பரக் குடுத்து வைங்கன்னு சொல்லுதேன்.

நாங்க பேங்க்லயும் சைபர் கிரைம்லயும் குடுத்தாச்சு. எந்த மெஷின் வழியா எடுத்தாங்கன்னு பேங்க்ல கண்டுபிடிக்க முடியும், அத எழுத்துல கேட்டிருக்கோம், பதில் இன்னும் வரல. இதே மாதிரி ரேகை வச்சு காசு போனவங்க நம்ம பக்கம் இன்னும் இருப்பாங்கன்னு தோணுது. வெக்கப்பட்டு மூடி வைக்காதீங்க, பாஸ்புக் பக்கத்த போட்டோ எடுத்து வச்சுட்டு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, நாலு பேரு சேந்து போய்க் குடுத்தா அந்த ஆளப் பிடிக்க வழி உண்டு.