லாட்ஜ் ரூமுக்கு தஞ்சாவூர் படமா, கலம்காரியா? வருஷக்கணக்கா மாட்டி வச்சுப் பார்த்த அனுபவம்

கும்பகோணத்துல எங்க குடும்பம் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துது. ரூமுக்கு ரூம் வேற வேற படம் மாட்டி அதுக்கு ஏத்த ஸ்கிரீன், குஷன் கவர்னு போட்டு பல வருஷமா ஓடிட்டிருக்கு. புதுசா ரூம் ரெடி பண்றவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

தஞ்சாவூர் பெயிண்டிங்ல இருந்து ஆரம்பிக்கறேன். பலகை மேல துணி ஒட்டி, மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் குழைச்ச கலவை) வச்சு மேடு கட்டி, கல்லு பதிச்சு, 22 கேரட் தங்க ஃபாயில் ஒட்டுவாங்க, அந்த அழகுக்கு ஈடே கிடையாது. ஆனா கெஸ்ட் ரூமுக்கு வேணாங்கறதுதான் என் முடிவு. ஆள் இருக்கறப்ப ஏசி, காலி பண்ணினா ஆஃப், ஜன்னலத் தொறந்தா ஈரக்காத்துன்னு மாறி மாறி அடிச்சா பலகை வளையுது, மக்கு விரிசல் விடுது, கண்ணாடிக்குள்ள பூஞ்சை வந்துடுது. பாத்ரூம் ஒட்டின சுவத்துல ஓதம் அடிக்கும், அங்க மாட்டினதுதான் முதல்ல போச்சு. இன்னொண்ணு, அதுல பெரும்பாலும் சாமி படம்தான். கட்டிலுக்கு எதிர்ல இருந்தா நம்ம ஜனங்களுக்கு கால் நீட்டிப் படுக்க மனசு வராது. வயசான ஒரு அம்மா தலகாணிய கால்மாட்டுப் பக்கம் மாத்திப் போட்டுப் படுத்தாங்க, கேட்டா "தாயார் இருக்கற பக்கம் காலை நீட்டலாமாப்பா"ன்னாங்க. அன்னியிலேருந்து தஞ்சாவூர் படமெல்லாம் ரிசப்ஷன்லதான், அங்க ஜம்முன்னு இருக்கு.

ரூமுக்கு நல்லா செட் ஆனது கலம்காரி, அதாவது துணி மேல இயற்கைச் சாயத்துல கையால எழுதற படம். அதுவும் எங்க பக்கத்து கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கைவேலை. தேருக்குத் தொம்பை (சுத்தித் தொங்கவிடற உருளைத் துணி), விதானம் (மேல கட்டற துணி)னு தலைமுறையா எழுதற ஆளுங்க, கருப்பூர் கலம்காரிக்கு 2021ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. சாமி வேணாம், அன்னம், யாளி, கொடி மட்டும் எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கி கண்ணாடி இல்லாம சட்டத்துல இழுத்துக் கட்டி மாட்டினோம். துணிங்கறதால ஈரம் உள்ள நிக்கறதில்ல. வெயில்தான் ஆகாது, நேரா வெயில் விழற சுவத்துல மட்டும் மாட்டாதீங்க. கேன்வாஸ் பிரிண்ட் விலை கம்மி, ஆனா மலிவு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) ஃபிரேம் ஓதத்துல உப்பிடுது, அவசரத்துக்கு ஓகே.

மேட்சிங் விஷயத்துலதான் நிறைய பேருக்கு காசு போகுது. படம், ஸ்கிரீன், பெட்ஷீட் மூணும் ஒரே கலர்ல செட்டா விக்கறாங்க, வாங்கினப்ப கண்ணைப் பறிக்கும். ஆனா பெட்ஷீட் கெஸ்ட் மாறும்போதெல்லாம் சலவைக்குப் போகுது, ஸ்கிரீன் வெயில்ல நிக்குது, படம் அப்படியே இருக்கு, அப்ப மூணும் மூணு வேகத்துல வெளுத்து கொஞ்ச நாள்லயே ஒண்ணுக்கொண்ணு ஒட்டாமப் போயிடும். எண்ணெய்க் கறை, மஞ்சக் கறை பட்டா கலர் பெட்ஷீட்ல பிளீச்சும் போட முடியாது. அதனால நாங்க பெட்ஷீட், தலகாணி உறை முழுக்க வெள்ளைக்கு மாத்தியாச்சு. படத்துல இருக்கற செம்மண் சிவப்பையும் கருப்பையும் குஷன் கவர்லயும், கட்டில் கால்மாட்டுல விரிக்கற பட்டைத் துணியிலயும் மட்டும் எடுத்தோம், அது ரெண்டும் அடிக்கடி துவைக்கறதில்ல. ஸ்கிரீன் சந்தன கலர்ல காட்டன், பின்னாடி கட்டாயம் லைனிங். கீழ பவானி ஜமக்காளம், பல வருஷம் மிதிபட்டும் கலர் நிக்குது.

கலம்காரிக்காரங்ககிட்ட ஆர்டர் குடுக்கறப்ப குஷனுக்கும் சேர்த்து ஒரே தடவையில கூடுதலா துணி வாங்கி வச்சுக்கோங்க, இயற்கைச் சாயம் ஒவ்வொரு தடவை காய்ச்சறப்பவும் கொஞ்சம் மாறும், அப்புறமா போய் அதே சிவப்பு வேணும்னு கேட்டா கிடைக்காது.