மடக்குக் கத்தி: வளையமா, ஸ்பிரிங்கா, கட்டைவிரலா?

மடக்குக் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் பலரும் முதலில் அதன் கூர்மையைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கீலை. கூர் மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். பிடி விரிசல் விட்டால்கூட மாற்றிவிடலாம். அலகும் பிடியும் சேருகிற இடத்தில் இருக்கும் அந்த ஒற்றை ஆணி ஆட்டம் கண்டுவிட்டால் மட்டும் அதை நம்பி எதையும் வெட்ட முடியாது.

பழைய பாணிக் கத்திகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இதுதான்: ஒபினெல் வாங்கலாமா, விக்டோரினாக்ஸா, கேஸா, இல்லை ஜப்பானின் ஹிகோனோகாமியா? எஃகு, மரம், எலும்பு என்று பேச்சு எங்கெங்கோ போகும். என்னைக் கேட்டால் ஒரே ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். விரித்த அலகை எது பிடித்து நிறுத்துகிறது? ஒபினெலில் ஒரு வளையம். விக்டோரினாக்ஸிலும் கேஸிலும் முதுகில் ஓடும் ஸ்பிரிங். ஹிகோனோகாமியில் உங்கள் கட்டைவிரல். எந்த வேலைக்கு ஆகும், பாக்கெட்டில் எப்படி இருக்கும், எந்த நாட்டுச் சட்டம் விடும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகிறது.

வளையம்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் இந்தக் கத்தியை உருவாக்கினார். 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்ட அளவுகள் வந்தன. உலகமெல்லாம் பரவியது எண் 8. அலகு 8.5 செ.மீ., மொத்த எடை சுமார் 45 கிராம். உருண்ட பீச் மரப் பிடி, அலகு உட்கார அதில் ஒரு பிளவு, ஓர் உலோகக் கழுத்து, ஓர் ஆணி. முதல் 65 ஆண்டுகள் இவ்வளவுதான். மரமும் எஃகும் உரசுகிற இறுக்கமே அலகை நிறுத்தி வைத்தது. 1955-இல் மார்செல் ஒபினெல் அந்தக் கழுத்தின் மேல் திரும்புகிற ஒரு வளையத்தை மாட்டினார். விரோபிளாக் என்று பெயர். அலகை விரித்து வளையத்தைக் கொஞ்சம் திருகினால் பிளவின் வாய் அடைபடும், அலகு மடங்க வழி இருக்காது. 2000-இல் இன்னும் திருத்தி, மூடிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். பழைய ஒபினெல் கையில் கிடைத்தால் காலம் கணிக்கவும் இந்த வளையம் உதவும்: எண் 8-இல் அது இல்லையென்றால் 1955-க்கு முந்தையதாக இருக்கலாம்.

இந்த நான்கில் வெட்டுவதற்குச் சிறந்தது எது என்றால் தயங்காமல் ஒபினெல் என்பேன். அலகு மெல்லியது. முதுகிலிருந்து கூர் வரை சீராக ஒடுங்கி வருவதால், தடித்த அட்டையானாலும் காய்ந்த குச்சியானாலும் பாதியில் ஆப்பு மாதிரி இறுகாமல் இறங்கிப் போகும். பிடி கை நிறைய இருக்கும். அரை மணி நேரம் மரம் சீவினாலும் உள்ளங்கை நோகாது.

ஆனால் மரம் ஈரத்தைக் குடிக்கும். மழையில் நனைந்தாலோ தண்ணீரில் போட்டுக் கழுவினாலோ பிளவின் இரண்டு பக்கமும் ஊறி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தை விட்டு இழுத்தால் நகம்தான் பெயரும். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு கைப்பழக்கம் வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் முனையைக் கெட்டியான மேடையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு இழுத்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெயைக் கீல் பக்கத்து மரத்தில் நன்றாக ஊற விட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இன்னொரு சிக்கல் அந்த வளையத்தாலேயே வருகிறது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், கூர் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க விடுகிறது. ஆனால் விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தியை அங்குள்ள நீதிமன்றங்கள் 'மடக்குக் கத்தி'யாகவே ஏற்பதில்லை. ஆக எண் 8-க்கு நீளமும் தடை, பூட்டும் தடை. தக்க காரணம் இல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே நடமாட முடியாது. வளையமே இல்லாத சின்ன எண்கள், 2 முதல் 5 வரை, இந்த வலையில் மாட்டாது. விரலைக் காப்பதற்காகச் சேர்த்த பாகம் சட்டத்தின் கண்ணில் ஆபத்தாகத் தெரிவது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் பயணம் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்

ஸ்பிரிங் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகோடு ஓர் எஃகுப் பட்டை ஓடும். அலகின் அடிப்பகுதி அந்தப் பட்டையைத் தள்ளிக்கொண்டே சுழலும். அலகு முழுக்க விரிந்ததும் பட்டை 'டக்'கென்று தன் இடத்தில் உட்காரும். சேகரிப்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் உயிர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை 'வாக் அண்ட் டாக்' என்பார்கள். அலகு தடங்கலில்லாமல் நடக்க வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் குரல் கொடுக்க வேண்டும். சில கத்திகள் பாதி வழியில், 90 பாகையிலும் ஒருமுறை நிற்கும். மூடும்போது விரலைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு நொடி போதும் என்பதால் எனக்கு அது பிடிக்கும். வழவழவென்று ஓடுவதுதான் அழகு என்று சொல்கிறவர்களும் உண்டு.

இந்த வகையில் செய்யவே கூடாத ஒன்று, நுனியால் குத்தித் திருகுவது. பல வருஷங்களுக்கு முன்பு தோல் வாரில் ஓட்டை போட நினைத்து அதைத்தான் செய்தேன். நுனி தோலில் மாட்டிக்கொண்டது, கை முன்னால் போனது, அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் நடுக் கணுவில் வந்து உட்கார்ந்தது. மூன்று தையல். கத்தி மேல் குறையில்லை. கூரின் பக்கமாக அழுத்தும்வரைதான் ஸ்பிரிங் துணை நிற்கும். முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தால் விட்டுக்கொடுக்கும். அதன் வேலையே அதுதான்.

அப்படி ஓட்டை போடவே விக்டோரினாக்ஸின் பயனியர் என்ற மாதிரியில் தனியாக ஒரு துளையூசி இருக்கிறது. கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை தொடங்கி, 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் அவருடைய கைத்திறன் தெரிகிறது. முதுகு ஸ்பிரிங்கின் ஒரு பக்கம் அலகை நிறுத்துகிறது; அதே ஸ்பிரிங்கின் மறுபக்கத்தை வைத்து முதுகிலும் கருவிகளை மாட்டினார். ஸ்பிரிங்கின் எண்ணிக்கை கூடவில்லை, தடிமன் கூடவில்லை, கருவிகள் மட்டும் கூடின. இத்தனை கருவிகள் இருந்தும் அது பாக்கெட்டில் அடங்குவதற்கு இதுதான் காரணம்.

பழைய பாணி என்று தேடுகிறவர்கள் சிவப்பு பிளாஸ்டிக் பிடியை விட்டுவிட்டு, அலாக்ஸ் எனப்படும் சொரசொரப்பான அலுமினியப் பிடியைப் பார்க்க வேண்டும். 1961 மாதிரி சிப்பாய்க் கத்தி முதல் 2008 வரை ராணுவம் சுமந்தது அந்தப் பிடியைத்தான். பயனியர் 93 மி.மீ., சுமார் 70 கிராம். கேடட் என்ற இன்னொரு மாதிரி 84 மி.மீ., அதைவிட மெலிது. சட்டைப்பையில் போட்டாலும் துணி தொங்காது. எஃகு துருப்பிடிக்காதது, கடினம் 56 ராக்வெல் வாக்கில். அதாவது கூர் சீக்கிரம் போகும், சாணைக் கல்லில் ஐந்தாறு இழுப்பில் திரும்பவும் வந்துவிடும். தினமும் சுமப்பவருக்கு இது நல்ல பேரம்.

சேகரிப்பு என்று வந்தால் கதை மாறுகிறது. விக்டோரினாக்ஸ் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். ராணுவத்துக்குப் போன அலாக்ஸ் கத்திகளின் அலகில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். பிறந்த ஆண்டுக் கத்தியைத் தேடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் பத்துக் கத்தியைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டுமானால் அமெரிக்காவின் கேஸ் கத்திதான்.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் இருக்கிறது. 6318 என்று அலகடியில் பொறித்திருந்தால், 6 என்பது வரி செதுக்கிய எலும்புப் பிடி, 3 என்பது மூன்று அலகு, 18 என்பது வடிவத்தின் எண். அந்த வடிவத்துக்கு ஸ்டாக்மேன் என்று பெயர். நுனி ஏறிய ஒரு நீள அலகு, நேர் கூர் கொண்ட ஒன்று, நுனி மழுங்கிய ஒன்று. கால்நடை வளர்ப்பவர்களின் வேலைக்கென்று பிறந்த கூட்டு அது. 1970 முதல் புள்ளிக் கணக்கும் உண்டு. அந்த வருஷம் முத்திரையின் கீழ் 10 புள்ளி; அப்புறம் ஆண்டுக்கு ஒன்று குறைந்து 1979-இல் ஒரே புள்ளி. கண்ணாடி வைத்துக்கொண்டு புள்ளி எண்ணத் தெரிந்தவருக்கு அந்தக் கத்தி எந்த ஆண்டில் பிறந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு என்பதால் இரண்டு பிடி ஒரே மாதிரி இருக்காது. சாயம் ஆழமாக இறங்கிய இடமும் மேலோட்டமாக நின்ற இடமும் ஒவ்வொன்றிலும் வேறு. வருஷக்கணக்கில் பாக்கெட்டில் உரசி உரசிச் செதுக்கலின் மேடுகள் மழமழவென்று ஆகும்போது கிடைக்கும் பளபளப்பு எந்த ஆலையிலும் வராது. குறையும் இருக்கிறது. ஸ்பிரிங் கையால் பொருத்தப்படுவதால் கத்திக்குக் கத்தி இழுப்பு மாறும். சில கத்தியைத் திறக்க நகம் கெஞ்சும். மூன்று அலகும் ஒன்றோடொன்று உரசலாம். எனவே கேஸை முடிந்தவரை நேரில் திறந்து பார்த்து வாங்குங்கள். விக்டோரினாக்ஸுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஸ்பிரிங் கத்தியில் பேரழகு பிரான்சின் லாகியோல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயர். பல ஆண்டுகளாக யார் யாரோ, எங்கெங்கோ செய்து அந்தப் பெயரைப் பொறித்து விற்றிருக்கிறார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல், அதன் முதுகில் இருக்கும் தேனீச் சின்னத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கட்டைவிரல்

ஹிகோனோகாமியைப் பிரித்தால் நான்கே துண்டு: அலகு, மடித்த உலோகத் தகட்டுப் பிடி, ஆணி, வாஷர். ஜப்பானின் மிகி நகரத்தில் 1890-களில் பிறந்தது. அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன வால் வெளியே நீண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்க வேண்டும், வெட்டும்போதும் அதன் மேலேயே விரலை வைத்திருக்க வேண்டும். விரல் எடுத்தால் காவல் போயிற்று. ஒரு காலத்தில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960-களில் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் வலுத்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை ஒரே ஒரு பட்டறையிடம் இருக்கிறது.

நல்ல ஹிகோனோகாமியில் கடினமான எஃகை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லிரும்பு பொதிந்திருப்பார்கள். சாணைக் கல்லில் வைத்தால் அகலமான சரிவு தானாகவே படிந்து உட்காரும், கோணம் தேட வேண்டாம். கூர் தீட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தினமும் சுமக்க? நான் சுமப்பதில்லை. மூடிய கத்தியை அலகின் உரசல் ஒன்றே மூடி வைத்திருக்கிறது. ஆணி கொஞ்சம் தளர்ந்தாலும் பைக்குள் அது தானே திறக்கப் பார்க்கும். சுத்தியலால் ஆணியை ஒரு தட்டு தட்டினால் இறுகிவிடும், ஆனால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எஃகும் பெட்டியும்

ஒபினெல், கேஸ் இரண்டிலும் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டும் கிடைக்கும். வேர்வையும் மழையும் படும் கத்தி என்றால் இரண்டாவதை எடுங்கள். கார்பன் எஃகு நாளடைவில் சாம்பல் நீலமாக மங்கும். அது அழுக்கல்ல, செந்துரு ஏறாமல் ஓரளவு தடுக்கும் படலம். பழைய கத்தி கிடைத்ததும் எந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். முத்திரையும் புள்ளியும் அந்த ஒரு நிமிஷத்தில் அழிந்துபோகும்.

பழைய அமெரிக்கக் கத்திகளோ ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகளோ வாங்கினால் பிடியை முகர்ந்து பாருங்கள். லேசாகக் கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக் அது. வயதாகிச் சிதையும்போது அமில ஆவியை விடும். தன் அலகைத் தின்பதோடு நிற்காமல், அதே பெட்டியில் இருக்கும் மற்ற கத்திகளையும் துருவேற்றிவிடும். அந்த மாதிரிக் கத்தியைத் தனியாக, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். தோலுறைக்குள்ளும் நெடுநாள் போட்டு வைக்க வேண்டாம், தோல் பதனிடும் ரசாயனம் எஃகுக்கு ஆகாது.

சரி, ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால்? பையில் எப்போதும் இருக்க வேண்டியது கேடட். வெளியே போய் மரம் சீவுகிறவர், சட்டம் விடுகிற இடத்தில் இருக்கிறவர் என்றால் ஒபினெல் எண் 8. சாணைக் கல்லோடு உட்காரப் பிடித்தவருக்கு ஹிகோனோகாமி. கேஸை முதல் கத்தியாக நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டு மூன்று கத்தியை வைத்துப் பழகி, நல்ல ஸ்பிரிங் எது என்று விரலுக்குத் தெரிந்த பிறகு ஒரு எலும்புப் பிடி ஸ்டாக்மேனை எடுத்துத் திறந்து பாருங்கள். அப்போதுதான் அந்த 'டக்' சரியாகக் காதில் விழும்.