அரைகுறைக் குரோசே வேலைகள்: ஒன்றொன்றாக முடிப்பதா, எல்லாவற்றையும் கூடக் கொண்டுபோவதா?

எங்கள் வீட்டில் இப்போது நாலு குரோசே வேலைகள், அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னுகிற வேலைகள், முடியாமல் இருக்கின்றன. கட்டில் விரிப்புக்குச் சதுரங்கள், சாமியறை யன்னலுக்கு ரேந்தை, மேசைக்கு ஒரு நீள விரிப்பு, மச்சாளின் பிள்ளைக்குத் தொப்பி. கிளிநொச்சியில் எனக்குப் பழக்கமான பின்னுகிற பெண்கள் பலரின் அலுமாரியும் இப்படித்தான் இருக்கிறது. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டுமா, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகலாமா என்று சந்திக்கிற நேரமெல்லாம் கதைப்போம். நான் இரண்டு விதமாகவும் இருந்து பார்த்தேன். இப்போது மூன்றாவது ஒரு விதத்துக்கு வந்திருக்கிறேன்.

முதலாவது அம்மம்மாவின் வழி. "பிள்ளை, ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடு" என்பார். அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் அவர் மா மூட்டையின் வாயைத் தைத்த நூலில்தான் பின்னினார். குரோசேயைப் போல் அந்தத் தையலும் கண்ணிக்குள் கண்ணி கோர்க்கிற சங்கிலித் தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரே இழுவையில் உருவிக்கொண்டு வரும். பிழையான முனையைப் பிடித்தால் இறுகிவிடும். அந்த முனையை அம்மம்மா விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். சேர்த்த நூலை முடிச்சுப் போட்டு உருண்டையாகச் சுற்றி வைத்துப் பின்னுவார். அப்படிச் சேர்த்த நூலை நாலு வேலைக்குப் பிரித்தால் நாலும் நடுவில் நிற்கும். அதனால் ஒன்றுதான்.

நூல் கடையில் கிடைக்கிற இந்தக் காலத்திலும் அந்த வழிக்குப் பலம் உண்டு. ஒரே கை, ஒரே இறுக்கம், ஒரே ஊசி. நூலின் நிறமும் மாறாது. ஒரே நிறம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வேறு லொட்டில், அதாவது வேறு தடவையில், சாயம் போட்ட நூல் பகல் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். தொடங்கியதைத் தொடர்ந்து முடிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. நாலு மாதம் கழித்துக் கடைக்குப் போய் "அதே நீலம்" என்று கேட்பவருக்குத்தான் அது வரும்.

ஆனால் பெரிய வேலையில் இந்த வழி என்னை மடக்கிவிட்டது. என் கட்டில் விரிப்புக்கு 144 சதுரங்கள் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பின்னினாலும் 72 நாள். ஒரே தையலை அத்தனை நாள் போட்டால் மணிக்கட்டு நோகும். நொந்தால் வேலை நிற்கும். அது நின்றால், வேறொன்றும் தொடக்கூடாது என்பதால் எல்லாமே நிற்கும். இதற்கிடையில் மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தது. விரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தலைக்குத் தொப்பி காணாது.

சரி, எல்லாவற்றையும் கூடக் கொண்டுபோவது எப்படி? நேரத்துக்கும் கைக்கும் ஏற்ற வேலையை எடுக்கலாம் என்பது இதில் உண்மையான சுகம். மெல்லிய வெள்ளை நூலில் ரேந்தை பின்னப் பகல் வெளிச்சம் வேண்டும். இரவில் கரண்ட் போய்விட்டால் தடித்த நூலில், விரலே கணக்கு வைத்துக்கொள்ளும் சதுரத்தை எடுக்கலாம். மெல்லிய ஊசியிலிருந்து தடித்த ஊசிக்கு மாறும்போது மணிக்கட்டும் ஆறும்.

இந்த வழியில் வரும் கெடுதலை நான் மேசை விரிப்பில் கண்டேன். சோளகக் காற்று வீசும் வெயில் காலத்தில் அதைத் தொடங்கினேன். வரிக்கு 80 கண்ணி, அகலம் 40 சென்டிமீற்றர். பிறகு ரேந்தைக்குப் போனேன், சதுரத்துக்குப் போனேன், காலபோக விதைப்பு வந்தது. மார்கழி மழைக்குள் விரிப்பை மறுபடி எடுத்துப் பத்து வரி பின்னி மேசையில் போட்டால், புதிய பகுதி ஓரத்தில் அலையலையாக எழும்பி நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், அதே 80 கண்ணிதான். அளந்தேன், 44 சென்டிமீற்றர். அதே நூல், அதே ஊசி. வியர்த்த விரலில் நூல் ஒட்டி இழுபடுவதால் வெயிலில் என் தையல் இறுகியிருக்கிறது, வாடைக் குளிரில் தளர்ந்துவிட்டது. இடைவிடாமல் பின்னியிருந்தாலும் கை மாறியிருக்கலாம். ஆனால் மெல்ல மெல்ல மாறியிருக்கும், இப்படிக் கோடு போட்டதுபோல் தெரிந்திருக்காது.

அப்புறம் ஊசி. என்னிடம் நல்ல ஊசிகள் மூன்றுதான். வேலை நாலு என்றால் ஒன்றிலிருந்து உருவித்தான் மற்றதுக்குப் போக வேண்டும். உருவிய ஊசி 3.5 மில்லிமீற்றரா 4 மில்லிமீற்றரா என்பது இரண்டு மாதத்தில் மறந்துபோகும். தையலின் பெயரும் குழப்பும். நாங்கள் படித்தது பிரித்தானிய முறை. அதில் 'டபுள்' என்பதை அமெரிக்க முறையில் 'சிங்கிள்' என்பார்கள். எங்கள் 'ட்ரெபிள்' அவர்களுக்கு 'டபுள்'. யூடியூபில் பார்த்துத் தொடங்கிய வேலையை இடையில் விட்டு, 'இனி டபுள்' என்று மட்டும் குறித்து வைத்தால் எந்த டபுள் என்று யாரிடம் கேட்பது?

நான் இப்போது செய்வது, வீட்டுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று. இரண்டுக்கு மேல் கையில் எடுப்பதில்லை. பெரிய வேலை வீட்டை விட்டு வெளியே போகாது. சதுரங்கள் கைப்பையில். வவுனியாவுக்கு மாதம் இரண்டு முறை போய்வருகிறேன், ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பஸ் பயணம். மாங்குளம் வருமுன் ஒரு சதுரம், ஓமந்தை தாண்டுமுன் இன்னொன்று முடியும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கச்சான் வாங்கினால் மட்டும் நூலை மூடி வைத்துவிடுங்கள். கச்சான் கோதின் தும்பு நூலுக்குள் போனால் எடுப்பது கரைச்சல். சதுரம் பஸ்ஸுக்குப் பொருந்துவதற்குக் காரணம் அது நாலு சுற்றில் முடிந்துவிடுவது. இறங்கும்போது கையில் இருப்பது முழுச் சதுரம். விட்ட இடம் தேடும் வேலையே இல்லை. மேசை விரிப்பைப் போல் ஒரே துண்டாக வளரும் வேலையை வழிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இந்த இரண்டு என்ற கணக்கைக் குழந்தைப் பொருளுக்காக மட்டும் மீறுவேன். அது மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு முன்னுக்கு வரும், நாலு நாளில் முடியும்.

அப்படியானால் ஏற்கனவே பாதியில் நிற்பவற்றை என்ன செய்வது? தொடர்வதா, உருவுவதா? இரண்டு நாள் எடுத்து அதே தையலில் கையளவு ஒரு துண்டு பின்னி, பழைய பகுதியோடு வைத்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீற்றரில் கண்ணி எண்ணிக்கை ஒத்துப்போனால் தொடரலாம். தளர்ந்திருந்தால் ஒரு அளவு சிறிய ஊசிக்கும், இறுகியிருந்தால் ஒரு அளவு பெரியதுக்கும் மாறிப் பாருங்கள். என் மேசை விரிப்பு 3.5 மில்லிமீற்றர் ஊசிக்குப் போனதும் சரிவந்தது. அந்தப் பத்து வரியை மட்டும் உருவினேன். குரோசேயில் இதற்குப் பயப்படத் தேவையில்லை. உயிரோடு, அதாவது ஊசியில் திறந்து, இருப்பது ஒரே ஒரு கண்ணி, பின்னல் ஊசி வேலையில் போல் வரி முழுவதும் அவிழ்ந்து ஓடாது.

முழுவதையும் உருவுவதென்றால் நூலைப் பாருங்கள். பருத்தி நூல் நன்றாகத் திரும்பி வரும். கதிரை முதுகில் வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும். மயிர் எழும்பிய நூல் உருவும்போது ஒன்றோடொன்று சிக்கும். அதை அந்த அளவிலேயே முடித்து வேறொரு பொருளாக்குவது நல்லது. உருவுவது தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நூல் மறுபடி உங்கள் கைக்கு வருகிறது.

எதில் வைப்பது என்பதிலும் போட்டி உண்டு. பொலித்தீன் பையில் உள்ளே இருப்பது தெரியும், மழைக் காலத்தில் ஈரம் அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பனையோலைப் பெட்டி காற்றோட்டமானது, உள்ளே பழைய சேலைத் துண்டு விரிக்காவிட்டால் ஓலை நூலை இழுக்கும். எலி உள்ள வீடு என்றால் பிஸ்கட் ரின். நான் ஓலைப் பெட்டிக்காரி. எதுவானாலும் விட்ட கண்ணியில் சட்டை ஊசி குத்தி வைக்காதீர்கள், துரு வெள்ளை நூலில் ஏறினால் போகாது. வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோர்த்து முடிந்தால் போதும். கூடவே ஒரு கடதாசி: ஊசி அளவு, எத்தனையாவது வரி, வரிக்கு எத்தனை கண்ணி, எந்த முறை டபுள், நூலின் லொட் இலக்கம்.

அம்மம்மா கடைசியாகப் பின்னியது ஒரு சின்ன வட்ட விரிப்பு. ஆறு சுற்றோடு நிற்கிறது, கடதாசி இல்லை. ஊசியைக் கண்ணியிலேயே விட்டு வைத்திருந்தார். அதனால் அளவு தெரிகிறது. அவருடைய இறுக்கத்துக்கு என் கை வருமா என்று பக்கத்தில் ஒரு துண்டு பின்னிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 10 சென்டிமீற்றருக்கு அவருடையது 32 கண்ணி. நான் 30க்கு வந்திருக்கிறேன்.